விடுதிப் பிள்ளைகளின் படுக்கை: பெற்றோர் கவனத்துக்கு

பெற்றோர்களுக்கு வணக்கம். 15-ஆம் தேதி பிள்ளைகள் விடுதிக்குத் திரும்புகிறார்கள். அதற்குள் காலையில் எழுந்ததும் தங்கள் படுக்கையைத் தாங்களே சரிசெய்ய வீட்டில் பழக்கிவிடுங்கள்.

கீழ்க்கட்டிலில் பெரிய வேலை இல்லை. போர்வையை உதறி மடித்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டால் முடிந்தது. மேல்கட்டில்தான் வம்பு. முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும், இதை மறக்கவே கூடாது. ஏணியில் நின்றபடி எட்டி எட்டி இழுக்க வேண்டாம். மேலேயே மண்டியிட்டு, சுவரோர மூலைகளை முதலில் செருகிவிட்டு, ஏணிப் பக்கமாகப் பின்னால் நகர்ந்து வரட்டும். மூலைகளில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு என்றால் பாதி வேலை மிச்சம். வீட்டிலிருந்து தடிமனான மெத்தை அனுப்பாதீர்கள். மெத்தைக்கு மேலே தடுப்புக் கம்பி குறைந்தது 5 அங்குலமாவது தெரிய வேண்டும். அப்புறம், பார்க்க வரும்போது 6 வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகளை மேலே ஏற்றிவிடாதீர்கள்.

பிள்ளை மடித்தது கோணலாக இருந்தாலும் நீங்கள் மறுபடி மடிக்க வேண்டாம். போன வருடம் நான் அப்படிச் செய்யப்போய், "இனிமே நீங்களே மடிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டான் ஒரு பையன்!

விரிப்பு 2, தலையணை உறை 2, பெயர் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

விடுதிக் காப்பாளர்