டாக்டர் தாத்தா எழுதிவைத்த அட்டை

அன்பு மகளுக்கு,

போனில் விஷயத்தைச் சொன்னதும் நீ அழுதாய். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் மேலே பேச முடியவில்லை. அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். பேச வராதது எழுதினால் வரும் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பல் டாக்டர் தாத்தாவுக்கு 88 வயது. தூக்கத்திலேயே போய்விட்டார். முந்தின நாள் காலையில்கூட வழக்கமான நடையை முடித்துவிட்டு என் பட்டறை வாசலில் நின்று, "என்ன தம்பி, இன்னைக்கு எத்தனை செட்டு?" என்று கேட்டார். "ஒண்ணுகூட இல்லை டாக்டர்" என்றேன். "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருஷமாக எங்களுக்குள் நடந்த பேச்சு அது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் அவரிடம் பல் செட் செய்யும் வேலைக்குச் சேர்ந்தபோது மாதத்துக்கு முப்பது, நாற்பது செட் செய்வேன். அவ்வளவு பல் அந்த ஊரில் போய்க்கொண்டிருந்தது. வலி பொறுக்க முடியாமல்தான் ஜனங்கள் வருவார்கள். வந்ததும் "பிடுங்கி விட்டுருங்க டாக்டர்" என்பதுதான் முதல் வார்த்தை. அவரிடம் அப்போது இருந்தது காலால் மிதித்து ஓட்டும் பழைய துளைப்பான். தையல் மிஷின் மாதிரியே மிதிக்க வேண்டும். 1871-ல் அமெரிக்காவில் மாரிசன் என்ற பல் டாக்டர் காப்புரிமை வாங்கிய வகை அது என்பார். அதை வைத்து ஒரு சொத்தையைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் ஆகும், பல் அதிரும், உட்கார்ந்திருப்பவர் பாதியில் எழுந்துவிடுவார். பிடுங்குவது ஐந்து நிமிஷ வேலை.

பிடுங்குவது என்று நாம் சொல்கிறோமே தவிர, அவர் முதலில் பல்லை உள்பக்கம்தான் அழுத்துவார். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்த நாட்களில் இதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். குறட்டின் வாயை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இறக்கி, வேர்ப்பக்கமாக அழுத்திப் பிடிப்பார். அப்புறம் கன்னத்துப் பக்கம் ஒரு அசைவு, நாக்குப் பக்கம் ஒரு அசைவு. சுற்றியிருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து வழிவிடும்வரை அவசரப்பட மாட்டார். மேல்தாடை எலும்பு சற்று மெத்தென்று இருக்கும், சீக்கிரம் இடம்கொடுக்கும். கீழ்க்கடைவாய் அப்படி இல்லை, நெற்றி வியர்த்துவிடும். எல்லாம் முடிந்ததும் பஞ்சைக் கடிக்கச் சொல்லி, "இன்னைக்கு முழுக்கத் துப்பாதே, கொப்பளிக்காதே, புகை பிடிக்காதே. குழியில உறையற ரத்தம்தான் உனக்கு மருந்து, அதைக் கலைச்சிடாதே" என்று ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார்.

ஒரு நாள் சாயங்காலம் என் பட்டறைக்கு வந்தார். அலமாரி நிறைய பிளாஸ்டர் அச்சுகள். எல்லாம் பல் இல்லாத தாடைகள். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதியிருக்கும். ஒன்றொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பல் போன இடத்தில் எலும்பு கரையும், வருஷம் ஆக ஆக மேடு தட்டையாகும், செட் தளர்ந்துபோகும். ஒரே ஆளுக்கு எடுத்த மூன்று அச்சுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது அப்படியே தெரியும். அவர் அந்த மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து இந்த ஊரை வெறும் வாயா ஆக்கிக்கிட்டு இருக்கோம் தம்பி" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த அச்சுகளில்தான் நம் வீட்டுச் செலவு ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அவர் மாறினார். நாற்பது வயதுக்கு மேல் நகரத்துக்குப் போய்ப் பல மாதம் தங்கி வேர் சிகிச்சை கற்றுக்கொண்டு வந்தார். கடன் வாங்கி, காற்றில் சுழலும் ஏரோட்டர் துளைப்பான் வாங்கினார். நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்று. உலகத்துக்கு அது 1957-லேயே வந்துவிட்டது, எங்களுக்கு வந்து சேர அவ்வளவு காலம் பிடித்தது. "பிடுங்கி விட்டுருங்க" என்று வந்தவரை உட்காரவைத்து, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இதோ பார், வேர் நல்லா இருக்கு. உள்ளே இருக்கிற நரம்புதான் கெட்டுப்போச்சு. அதை மட்டும் எடுத்துட்டு அடைச்சுடலாம்" என்று அரை மணி நேரம் பேசுவார். பலர் கேட்க மாட்டார்கள். எழுந்து வேறு இடத்துக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். அதற்காக அவர் அடுத்த ஆளிடம் பேசாமல் இருந்ததில்லை.

பள்ளிக்கூடங்களுக்குப் போக ஆரம்பித்ததும் அப்போதுதான். வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு வகுப்பு விடாமல். கரும்பலகையில் கீழ்த்தாடையை வரைந்து, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல்லை வரைவார். ஆறு வயதில் வரும் கடைவாய்ப்பல் அது. எந்தப் பல்லும் விழாமல் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்று பெற்றவர்கள் நினைத்துவிடுகிறார்கள். "விழுந்து முளைக்கத்தானே போகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. பால்பல் 20, நிலைப்பல் 32 என்ற கணக்கைப் பிள்ளைகள் பாட்டாகச் சொல்லும்வரை விடமாட்டார். ஃபுளோரைடு பற்றி ஒரு ஆசிரியர் கேட்டபோது, "அமெரிக்காவில கிராண்ட் ரேப்பிட்ஸ்னு ஒரு ஊர், 1945-லேயே குடிதண்ணியில கலந்தாங்க, பிள்ளைங்களுக்குச் சொத்தை குறைஞ்சுது. ஆனா சில ஊர்த் தண்ணியில அது முன்னாடியே அதிகமா இருக்கும், அங்கே சேர்த்தா பல்லுல கறை விழும். நம்ம தண்ணியைச் சோதிக்காம நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார். சொன்னபடி சோதித்துவிட்டுத்தான் பேசினார்.

இன்னொன்று. பல் வலி என்று யார் வந்தாலும் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரமும் பார்ப்பார், கன்னத்தின் உள்பக்கம் பார்ப்பார். வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கையில் கொடுப்பார். பஸ் ஓட்டுநர் ஒருவர் அப்படிப் போய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்து அகற்றிக்கொண்டார். நேற்று வந்து சுவரில் சாய்ந்து நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது உன் கதை. உனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி மைதானத்தில் விழுந்து மேல் முன்பல் வேரோடு வெளியே வந்துவிட்டது. உன்னையும் பல்லையும் தூக்கிக்கொண்டு டீச்சர் என் பட்டறைக்கு ஓடி வந்தார். பல்லில் மண் ஒட்டியிருந்தது. நான் குழாயைத் திறந்து பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டேன். பல் செட் செய்கிறவன் கை, எதைப் பார்த்தாலும் தேய்க்கத்தான் போகும். உள்ளே இருந்து டாக்டர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "வேரைத் தொடாதே!" வேரின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சவ்வு இருக்கிறது, அதிலுள்ள உயிர் செத்துவிட்டால் பல் ஒட்டாது. வெள்ளைப் பகுதியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, ஒரு கணம் தண்ணீரில் காட்டி, குழிக்குள் வைத்து அழுத்தினார். பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் இணைத்து இரண்டு வாரம் வைத்திருந்தார். விழுந்து இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. உடனே வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டுவர வேண்டும், காயவே விடக்கூடாது என்று மறுநாளே பள்ளிக்குப் போய் டீச்சர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தார். உன் மகன் விளையாடப் போகிறான், நீயும் நினைவில் வைத்துக்கொள்.

அந்தப் பல்தான் கல்யாணப் போட்டோவில் சிரிக்கிறது. செயற்கைப் பல் ஒன்றை உன் வாய்க்கு நான் செய்ய வேண்டிய நாள் இன்றுவரை வரவில்லை.

எனக்கு வேலை குறைந்தது உண்மைதான். நாற்பது செட் இருபதானது, அப்புறம் பத்து, கடைசியில் மாதம் நாலைந்து. கொஞ்ச நாள் அவர்மேல் எனக்கு மனவருத்தம் இருந்தது, இதை உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல்மேல் மாட்டும் கேப், பல் போன இடைவெளியை அடைக்கும் பாலம், அது இது என்று புது வேலை எல்லாம் எனக்குக் கற்றுக்கொடுக்க ஆள் பிடித்து அனுப்பினார். மிச்சமிருந்த முழு செட்டுகளிலும் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. மெழுகில் பல் அடுக்கிக் கொண்டுபோனால், வயதானவரை நிமிர்ந்து உட்காரவைத்து, "வா, வாவான்னு சொல்லுங்க" என்பார். 'வ' சொல்லும்போது மேல் முன்பல்லின் நுனி கீழ் உதட்டை லேசாகத் தொட வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தப்பினாலும் பேச்சு மாறிவிடும். ஒரு பாட்டியம்மாவின் செட்டை மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை அந்த அம்மா இளவயதில் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றை டாக்டர் என்னிடம் கொடுத்து, "முன்பல் ரெண்டும் லேசா ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு பார். அப்படியே வை" என்றார். வைத்தேன். அந்த அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

79 வயதில் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. அதை அவரே முதலில் கவனித்தார், அன்றோடு கருவியைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் தினமும் கிளினிக்குக்கு வந்தார். பிள்ளைகள் வாயைப் பார்த்தார், இளைய டாக்டருக்குப் பக்கத்தில் நின்றார், பழைய கதை சொன்னார். 1844-ல் ஹொரேஸ் வெல்ஸ் வலி தெரியாமலிருக்கச் சிரிப்பு வாயுவை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கக் கொடுத்தது, இரண்டு வருஷம் கழித்து மார்ட்டன் ஈதர் என்ற மயக்க மருந்தை எல்லோர் முன்னாலும் கொடுத்துக் காட்டியது. "ரெண்டு பேருமே பல் டாக்டர்கள். வலி இல்லாம அறுவை செய்யலாம்னு உலகத்துக்குக் காட்டினது நம்ம ஆளுங்க" என்று சொல்லும்போது குரல் ஒரு படி ஏறும்.

நேற்று கிளினிக்கை ஒழுங்குபடுத்த உதவிக்குப் போனேன். கிராம்பு எண்ணெய் வாசனை சுவரில் ஏறிப்போயிருக்கிறது, அது எப்போதும் போகாது என்று நினைக்கிறேன். நோயாளிகளின் அட்டைகள் பெட்டியில் அகரவரிசையில் இருந்தன. உன்னுடையதை எடுத்துப் பார்த்தேன். பல் திரும்ப வைத்த நாள், கம்பி எடுத்த நாள், அப்புறம் வருஷா வருஷம் எடுத்த எக்ஸ்ரே, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'வேர் சுருங்கவில்லை, நன்று'. நீ வெளிநாடு போன வருஷத்தோடு அது நிற்கிறது. அதற்குக் கீழே பென்சிலால் 'அடுத்த படம்' என்று எழுதி, தேதிக்கு இடம் விட்டிருக்கிறார்.

அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அங்கே ஒரு பல் டாக்டரிடம் காட்டிப் படம் எடுத்து, தேதியை நீயே எழுதிவிடு. எழுதியதும் எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா