‘சார்ஜ்’ என்ற சொல்லும் நம் மாணவரும்

ஆசிரியர் அவர்கட்கு,

‘சார்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்க்கையில் மாணவர் சறுக்குவது, கூட வரும் சிறு சொற்களைக் கவனியாததால்தான். ஒருவரைச் ‘சார்ஜ்’ செய்து பின்னால் ‘வித்’ வந்தால் குற்றச்சாட்டு. ‘ஃபோ’ (for) வந்தால் கட்டணம். ‘அற்’ (at) வந்தால் மாடு முட்டப் பாய்வதுபோலப் பாய்தல். ‘இன் சார்ஜ் ஒஃப்’ என்றால் பொறுப்பாளர். நடுவில் ‘த’ புகுந்து ‘இன் த சார்ஜ் ஒஃப்’ ஆனால் பொருளே தலைகீழ்: இன்னொருவரின் பொறுப்பில் இருப்பவர். ‘தாதியின் பொறுப்பில் குழந்தை’ என்பது ‘குழந்தையின் பொறுப்பில் தாதி’ என்று இடம்மாறிப் போவது இந்த ஒற்றைச் சொல்லால்தான்.

இலத்தீனில் வண்டியைக் குறித்த சொல்லிலிருந்து ‘சுமையேற்று’ என்ற பொருள் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பொறுப்பு, கட்டணம், குற்றம் மூன்றும் ஒருவர்மேல் ஏற்றப்படும் சுமைகளே. மின்கலத்துக்கு வரும்போது எமது விஞ்ஞானப் பாடநூல்கள் ‘ஏற்றம்’ என்பது அந்த வேரையே தொடுகிறது. மிக நல்ல தெரிவு.

‘டிஸ்சார்ஜ்’ சுமையிறக்கம். மின்கலத்தில் மின்னிறக்கம், நீதிமன்றில் விடுவிப்பு. வைத்தியசாலையிலோ நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதை எங்கள் சனம் ‘துண்டு வெட்டியாச்சு’ என்கிறது. அதையும் வகுப்பில் சொல்லிக்கொடுங்கள்.

ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.