ஹஸ்கி வேண்டாம் பாப்பா

ராஜபாளையம்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாங்கப்போவதாகச் சொல்லி அனுப்பிய ஹஸ்கி நாயின் போட்டோவை நானும் அம்மாவும் பார்த்தோம். நீலக் கண்ணும் நரி மூஞ்சியுமாகப் பஞ்சு மூட்டை போல உட்கார்ந்திருக்கிறது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். "இதுக்குப் புழுங்காதா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. இதையெல்லாம் போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் சத்தம் போடுவேன். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் படிக்கக் கொடு.

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தடியில் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ள வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கு ஈரம் காயாது, சூடும் இறங்காது. சென்னையில் மே மாதம் குளித்துத் துவட்டுவதற்குள் மறுபடி வேர்த்துவிடுகிறது என்று நீயே எத்தனை தடவை புலம்பியிருக்கிறாய்! சைபீரியாவில் சுக்சி என்ற மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாயின் வம்சம் இது. இரண்டு அடுக்கு ரோமம். பகல் முழுக்க ஏசி போட்டு வைப்போம் என்கிறாய். சரி, கரண்ட் போனால்? நீங்கள் இருவரும் ஆபீஸில் இருப்பீர்கள். அது கதவடைத்த வீட்டில் இருக்கும். அதோடு ஹஸ்கி குரைப்பதைவிட ஊளையிடுவதுதான் அதிகம். மூன்றாம் மாடியில் அது ஊளையிட்டால் உன் பக்கத்து வீட்டு மாமி சும்மா இருப்பார் என்றா நினைக்கிறாய்?

இன்னொன்று. '35 நாள் குட்டி, நாளைக்கே வீட்டில் கொண்டுவந்து தருகிறோம்' என்று விளம்பரம் போட்டிருக்கிறானே, அந்த ஆளிடம் ஹஸ்கி மட்டும் இல்லை, எந்தக் குட்டியும் வாங்காதே. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. பால் குடிப்பதற்காக மட்டும் குட்டி தாயோடு இருப்பதில்லை. கூடப் பிறந்ததைக் கடித்து, அது 'வீல்' என்று கத்தி விளையாட்டை நிறுத்தும்போதுதான் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்று தெரிந்துகொள்ளும். அந்தப் பாடம் படிக்காமல் வருகிற குட்டிக்கு உன் கையும் காலும்தான் பள்ளிக்கூடம்.

"அப்படின்னா நம்ம ஊர் நாயை அனுப்புங்கப்பா" என்று அடுத்து நீ கேட்பாய். எனக்கும் பெருமைதான். 2005-ல் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. 2020-ல் பிரதமர் ரேடியோவில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் பக்கத்து நாய் ஜாதிகளைப் பேர் சொல்லிப் பேசிய அன்று டீக்கடையில் நாங்கள் எல்லாரும் ஏதோ எங்களையே பாராட்டிவிட்டது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். ஆனாலும் அனுப்ப மாட்டேன். தோப்புக்காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்த நாய் அது. ஒருவரை எஜமானாக எடுத்துக்கொண்டால் மற்றவரைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். உன் வீட்டில் சாப்பாடு கொண்டுவருகிற பையன் ஒருவன், பார்சல் கொண்டுவருகிறவன் ஒருவன், லிஃப்டுக்குள் முன்பின் தெரியாத நான்கு பேர். தினமும் அது பதறிக்கொண்டே இருக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்திப் பழகிய கால்கள். வராந்தாவில் ஒரு பூனையைப் பார்த்தால் செயினோடு மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போகும். கட்டிப்போட்டால் கெட்டுப்போகும்.

ராஜபாளையம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நம் வெள்ளையனை நினைவிருக்கிறதா? நீ அப்போது மூன்றாவது படித்தாய். தோப்புக்காரர் ஒருவர் கொடுத்த குட்டி, ஒரு புள்ளிகூட இல்லாத பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கூப்பிட்டால் வராது. 'டேய்' என்றால் திரும்பாது. செருப்பைக் கடிக்கும்போது அதட்டினால், நான் ஒருவன் இருப்பதே தெரியாதது போலக் கடித்துக்கொண்டிருக்கும். திமிர் என்று நினைத்தேன். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வருகிற எரிச்சல் வேறு. வேப்பங்குச்சியை ஒடித்து அடித்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாதத்துக்கு மேல். நீ பள்ளிக்கூடம் போன பிறகு. மூன்று மாதக் குட்டி, பாப்பா, அது.

ஒரு நாள் மத்தியானம் அது அடுப்படி வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா கையிலிருந்து பித்தளைக் குடம் நழுவிப் பின்கட்டுச் சிமெண்ட் படியில் உருண்டது. பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து 'என்ன ஆச்சு' என்று கேட்டார்கள். குட்டியின் காது நுனிகூட அசையவில்லை. அம்மா என்னை எழுப்பி, "இதுக்குக் காது கேக்கலைங்க" என்றாள். நான் நம்பவில்லை. அதற்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினேன், தட்டைத் தட்டினேன், கைதட்டினேன். அது தூங்கிக்கொண்டே இருந்தது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் அப்புறம் விளக்கினார். இந்த ஜாதியில் காது கேட்காத குட்டிகள் பிறப்பது உண்டு. முழு வெள்ளையில் நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதுக்குப் போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரத்திலேயே சத்தத்தை உணர்கிற செல்கள் செத்துவிடுமாம். எந்த வெள்ளைக்கு ஆசைப்பட்டு வாங்கினேனோ அதிலேயே கோளாறும் ஒளிந்திருந்தது.

தரையில் காலால் தட்டி வெள்ளையனைக் கூப்பிடுவாயே, அதை விளையாட்டு என்று நினைத்திருப்பாய். அதிர்வு தெரிந்து திரும்பட்டும் என்றுதான் உனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தோம். சிமெண்ட் தரையில் தெரியும், தோப்பு மண்ணில் தெரியாது. அங்கே ராத்திரியில் டார்ச்சை இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போடுவேன், எங்கிருந்தாலும் வந்துவிடுவான். உள்ளங்கையைக் காட்டினால் உட்காருவான். பத்தே நாளில் படித்துக்கொண்டான். அவ்வளவு புத்திசாலி நாயைத்தான் நான் அடித்திருக்கிறேன். பதினோரு வருஷம் இருந்தான். கடைசிவரைக்கும் நான் கையைத் தூக்கினால் முதலில் தலையைத் தாழ்த்திவிட்டு, அப்புறம்தான் கையில் இருக்கும் கறித்துண்டைப் பார்ப்பான். உன்னிடமோ அம்மாவிடமோ அப்படிச் செய்ததில்லை.

அதனால் உன் வீட்டில் குச்சி இருக்கக் கூடாது. சுருட்டிய பேப்பரும் கூடாது.

சரி, எந்த நாய்? மாப்பிள்ளைக்கு லாப்ரடார் ஆசை என்று தெரியும். நல்ல குணம்தான், ஆனால் கண்டதையும் தின்று குண்டாகும், இடுப்பு மூட்டுத் தகராறு வேறு. பக் வேண்டவே வேண்டாம். ஒரு செல்போன் விளம்பரத்தில் வந்தாலும் வந்தது, ஊரெல்லாம் வாங்கினார்கள். மூக்கே இல்லாத நாய் சென்னை வெயிலில் எப்படி மூச்சு விடும்?

போன வாரம் பேசும்போது, உங்கள் ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் தெருநாய் ஒன்று நான்கு குட்டி போட்டிருக்கிறது என்றாய். அதில் ஒன்று ஏன் கூடாது? குட்டை ரோமம், நம் வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த உடம்பு. தாய் எப்படிப்பட்டது என்று கண்ணெதிரே பார்க்கிறாய். அதைவிட எந்த ஜாதிச் சான்றிதழ் பெரிது? எட்டு வாரம் ஆகட்டும். போய்த் தரையில் உட்கார். முண்டியடித்து மேலே ஏறுகிறதையும் எடுக்காதே, மூலையில் ஒண்டுகிறதையும் எடுக்காதே. அதற்குத் தெரியாமல் பின்னால் சாவியைப் போடு. திடுக்கிட்டுக் காதைத் திருப்பி, கொஞ்ச நேரத்தில் என்ன அது என்று மோந்து பார்க்க வருகிறதே, அந்தக் குட்டியை எடு.

அதற்கு முன்னால் உங்கள் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. மாதத்துக்கு ஒரு மணி நேரம், மேலே ஒன்று என்று வைத்துக்கொள். இரண்டு பேரும் ஒன்பது மணிக்குப் போய் ஏழு மணிக்கு வருவதாக இருந்தால் குட்டியே வேண்டாம். வேளச்சேரியில் புளூ கிராஸ் என்ற விலங்குக் காப்பகம் இருக்கிறது, 1959-லிருந்து நடத்துகிறார்கள். அங்கே வளர்ந்த நாய் ஒன்றைப் பார்த்து எடுங்கள். மாப்பிள்ளை இரண்டு மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியும் என்றால் குட்டி எடுக்கலாம்.

எடுத்தால், தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணியிலும், விளையாடி முடித்ததும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போ. அங்கே மூத்திரம் போனால் அந்த நொடியே ஒரு துண்டு கோழிக்கறி. வீட்டுக்குள் வேறு எங்காவது போய்விட்டால் பேசாமல் துடை. மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பார்கள் சிலர், எதற்கு என்று குட்டிக்குப் புரியாது. உன்னைக் கண்டு ஒளிந்து போகப் பழகும், அவ்வளவுதான். பினாயில் போடாதே, குட்டி தரையை நக்கும். வினிகர் கலந்த வெந்நீர் போதும்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் நல்லதுதான் நடக்க வேண்டும். திட்டுவதற்கோ குளிப்பாட்டுவதற்கோ பேர் சொல்லாதே, நீயே போய்த் தூக்கிக்கொள். அப்புறம், ஆளுக்கொரு வார்த்தை சொல்லக் கூடாது. மாப்பிள்ளை 'கம்' என்பார், நீ 'வா' என்பாய், அம்மா வந்தால் 'இங்க வாடி தங்கம்' என்பாள். பாவம் அது எந்த மொழியைப் படிக்கும்? ஒன்றை முடிவு செய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில், பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் வரை. மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய் ஊசி. இடையில் பூச்சி மருந்து. தெருக்குட்டி என்பதால் பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய் வரும் பயம் உண்டு. ஊசி முடிகிறவரை வெளித்தரையில் விடாதே. அதற்காக வீட்டுக்குள் பூட்டி வைத்துவிடாதே. மூன்று மாதத்துக்குள் பார்த்ததும் கேட்டதும்தான் அதற்கு உலகம். இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆட்டோவையும் ஹெல்மெட் போட்ட ஆளையும் காட்டு. குக்கர் விசில் அடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது தின்னக் கொடு. தீபாவளி வெடிச் சத்தத்தைப் போனில் சின்னதாக வைத்துக் கேட்கவிடு. தனியாக இருக்கவும் பழக்கு, முதலில் இரண்டு நிமிஷம், அப்புறம் ஐந்து, பத்து.

சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் விஷம். வேகவைத்த எலும்பு போடாதே, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மாநகராட்சி லைசென்சையும் வாங்கிவிடு.

நான்காம் மாதம் பால்பல் விழ ஆரம்பிக்கும், ஆறு ஏழு மாதம் வரை கண்டதையும் கடிக்கும். உன் கையைக் கடித்தால் கத்தாதே, எழுந்து போய்விடு. அதற்காகத்தான் இத்துடன் வருகிற பார்சலில் என் பழைய வேட்டி நான்கை அம்மா துவைத்து வைத்திருக்கிறாள். கிழித்து, முறுக்கி முடிச்சுப் போட்டு, நனைத்து ஃப்ரீசரில் வைத்து, பக்கத்தில் இருந்து கடிக்கக் கொடு. நூல் பிரிய ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிடு. அடியில் இருக்கும் மாங்காய் ஊறுகாய் உங்களுக்கு, குட்டி பக்கம் அதைத் திறந்து வைக்காதே.

அன்புடன்,
அப்பா