கேள்வியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு கல்விப் பக்கத்தில், தோட்டப்புற மாணவர்கள் இலக்கியத்தில் என்ன கேட்டாலும் வாய் திறப்பதில்லை என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் எந்தத் தோட்டத்தில், எந்தப் பிள்ளையிடம், என்ன கேட்டார் என்பதை மட்டும் எழுதவில்லை.

நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் போட்டோஸ்டெட் கடை வைத்திருக்கிறேன் (2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள், யார் கூப்பிடுகிறார்கள்?). இந்த வட்டாரத்து இலக்கியக் கேள்வித்தாள்கள் என் மிஷினில்தான் ஓடுகின்றன. கதை மாறும், கவிதை மாறும், கேள்வி மட்டும் மாறவே மாறாது. கருப்பொருள் யாது, துணைக்கருப்பொருள் இரண்டு எழுதுக, பண்புநலன் நான்கு, படிப்பினை மூன்று. விடையும் பின்பக்கத்திலேயே. ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் ஒழிந்து போனது, அடுத்த வருடம் படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வும் போனது, உயர்நிலைச் சிந்தனை என்று கட்டுக்கட்டாகப் பயிற்சிப் புத்தகங்கள் வந்தன, என் கடைக்கு வருவது இன்னும் அதே தாள்தான்.

இங்கே மண்டபத்தில் ஒரு கருத்தரங்கு. தாள் கட்டைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பின்னால் நின்றேன். தலைநகரிலிருந்து வந்த பேச்சாளர், "கண்ணகி நீதிக்காகப் போராடினாள், இல்லையா?" என்றார். "ஆமா சார்!" வேறென்ன சொல்வதாம்? அடுத்த கேள்விக்கு ஒரு பையன் கையைத் தூக்குவதற்குள் அவரே விடையைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். இப்படிக் கேட்டால் கம்பரே வந்து உட்கார்ந்தாலும் வாய் திறக்க மாட்டார்.

அதே வாரம் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஐந்து படிக்கும் பிள்ளை ஒருத்தி கடைக்கு வந்தாள். அப்பா தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுகிறவர். மிஷின் சூடாகும் நேரத்தில் சும்மா கேட்டேன், மதுரையை எரிக்கும்போது கண்ணகி யாரையெல்லாம் விட்டுவிடச் சொன்னாள் என்று. புத்தகத்தைப் புரட்டி, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி என்று விரல் வைத்துப் படித்தாள். "அப்போ வெந்தது யாரு?" "தீத்திறத்தார்னு போட்டிருக்கு, கெட்டவங்க." அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அங்கிள், கூலி வேலைக்குப் போறவங்க இந்த லிஸ்டுல இல்லையே. அவங்கல்லாம் கெட்டவங்களா? ராஜா தப்பா தீர்ப்பு சொன்னதுக்கு அவங்க என்ன செஞ்சாங்க?" என்றாள். பின்னால் நின்ற பையன், கூலிக்காரர்களிலும் கிழவனும் குழந்தையும் இருப்பார்கள்தானே, அவர்கள் தப்பித்திருப்பார்கள் என்றான். அப்புறம் தாளை மறந்துவிட்டு இரண்டு பேருக்கும் சண்டை. வாய் திறக்காத பிள்ளைகளாம்!

சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது. 2009-இல், படிவம் ஐந்தின் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.முக்குப் பத்துப் பாடம்தான் எடுக்கலாம் என்று அறிவித்தபோது, தமிழும் இலக்கியமும் போய்விடுமே என்று நம் சமூகமே கத்தியது, பிறகுதான் பன்னிரண்டு என்று இறங்கி வந்தார்கள். அவ்வளவு கத்தியது பண்புநலன் நான்கை மனப்பாடம் செய்யத்தானா? எங்கள் ஊருக்கு உங்கள் பேப்பரே மத்தியானம்தான் வருகிறது, அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை இன்றுவரை நீங்கள் போடவில்லை, சரி, அது கிடக்கட்டும்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கேள்வியாவது, விடையைக் கீழேயே தலைகீழாக அச்சடிக்காமல் போடுங்கள். பிள்ளைகள் எழுதி அனுப்புவதை அடுத்த வாரம் போடலாம். அந்தக் கட்டுரையாளரையும் ஒரு சனிக்கிழமை என் கடைக்கு வரச் சொல்லுங்கள், தே தாரிக் (இழுத்து ஆற்றிய டீ) என் செலவு, கேள்வி மட்டும் அவர் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
போட்டோஸ்டெட் கடைக்காரன்,
பத்தாங் பெர்ஜுந்தை