கதவை மூடிவிட்டு வருகைப் பதிவு கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நமது கிளாசிக் கார் உரிமையாளர் சங்கத்தில் உறுப்பினர்களின் பங்கேற்பு குறைந்துவிட்டது என்று வருந்தி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. கடந்த ஆண்டு நிகழ்ச்சிகளில் இரண்டிலாவது கலந்துகொள்ளாதவர்கள் இனி இணை உறுப்பினர்களாகவே கருதப்படுவார்கள், அவர்களுக்கு வாக்குரிமை இருக்காது என்று அதில் அறிவித்திருக்கிறீர்கள். அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இதைச் செயலாளருக்குத் தனியாக எழுதியிருக்கலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் வேறு சில உறுப்பினர்களும் எழுதினோம். பதில் வரவில்லை. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பங்கேற்பு குறைந்துவிட்டது என்பது உண்மை. அதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஏன் குறைந்தது என்பதைத்தான் சுற்றறிக்கை சொல்லவில்லை. முன்பு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில் கூடுவோம். கட்டணம் கிடையாது. யார் வண்டி எந்த ஆண்டு, எவ்வளவு விலை என்று யாரும் கேட்டதில்லை. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் கார்புரேட்டரைக் கழற்ற மற்றவர் அதில் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்ய, டீக்கடைக்காரரும் வந்து எட்டிப் பார்ப்பார். அந்தக் கூட்டத்தை நிறுத்தினீர்கள். அதற்குப் பதிலாக வந்தவை நட்சத்திர ஓட்டல் புல்வெளியில் ஆண்டுக் கண்காட்சி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராலி, ஒரு விருந்து. கண்காட்சிக்குத் தேர்வுக் குழு அழைத்த வண்டிகள் மட்டும். ராலிக்கு, இருவருக்கான மதிய உணவையும் சேர்த்து, ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் கட்ட முடியாத நுழைவுக் கட்டணம். விருந்துக்கு வண்டியே தேவையில்லை. இந்த மூன்றில் இரண்டுக்கு வராதவனுக்கு ஓட்டு இல்லை என்கிறீர்கள்.

சென்ற கண்காட்சியன்று வாசலில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து வரும் மூத்த உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய தந்தை வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 இன்னும் அவரிடம் ஓடும் நிலையில் இருக்கிறது. வெயில் ஏறினால் நெரிசலில் ரேடியேட்டர் கொதிக்கும் என்பதால், விடியும் முன்பே மனைவியுடன் கிளம்பி வந்திருந்தார். வாசலில் பட்டியலோடு நின்ற பாதுகாவலர், அந்த எண் இதில் இல்லை என்றார். உள்ளேயிருந்து வந்த செயற்குழு உறுப்பினர் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெயின்ட் அசல் நிறம் இல்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துச் சந்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். அவர் வாதாடவில்லை. நிழலில் ஓர் இடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். அதுவும் கிடைக்கவில்லை. கொண்டுவந்த இட்லியைக் கணவனும் மனைவியும் காருக்குள் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். அதே நேரத்தில், புல்வெளியின் நடுவில், லாரியில் ஏற்றி வந்து ஆட்கள் தள்ளி நிறுத்திய, ஸ்டார்ட் ஆகாத இரண்டு வண்டிகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உச்சி வெயிலில் அவர் திரும்பிப் போனார். பூந்தமல்லி தாண்டுவதற்குள், இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் சூடேறி, குழாயில் ஆவி அடைத்து, வண்டி நின்றுவிட்டது. பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டு, அது ஆறும் வரை சாலையோரத்தில் இருவரும் நின்றார்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. அதற்காக அவர் யாரையும் குறை சொல்லவும் இல்லை. ஆனால் சுற்றறிக்கை வந்த பிறகு தம் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். அன்றைய கண்காட்சிக்கு அவர் வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது. வருகைப் பதிவேடு வாசலுக்கு உள்ளே இருந்ததாம்.

இதைக் கேட்ட அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எழுபதைக் கடந்த ஒரு மனிதர் அத்தனை தூரம் வண்டியை ஓட்டி வந்திருக்கிறார். வாசலில் தடுத்தது சங்கம். வரவில்லை என்று எழுதியதும் சங்கம். அதை வைத்து அவருடைய வாக்குரிமையைப் பறிக்கப் போவதும் அதே சங்கம். இது நியாயமா என்று உங்கள் ஒவ்வொருவரையும் கேட்கிறேன்.

அந்த வண்டி எது என்றாவது யோசித்தீர்களா? 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். உருவம் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்தது. ஆனால் பிரிட்டனில் அந்த சலூன் இரண்டு கதவோடுதான் வந்தது. நான்கு கதவு வைத்து, நம் குடும்பங்களுக்கு ஏற்றபடி ஆக்கியது இந்த ஊர். மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் அந்த பானட்டைத் திறந்தால் இன்ஜின் முழுவதும் கண்முன் இருக்கும். மெக்கானிக் குனிந்து முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பின்னால் அதே நிறுவனத்தின் கெசல் கார் வந்தது, அதற்கும் பின்னால் ஸ்டாண்டர்டு 2000 வந்தது, 1980-களின் முடிவில் தொழிற்சாலை மூடப்பட்டது. சென்னைக்காரர்கள் நடத்தும் சங்கத்தின் சென்னைக் கண்காட்சியில், சென்னையில் செய்த காருக்கு ஜெனரேட்டர் சந்துதான் இடமா?

இதில் சட்டம் தொடர்பான ஒரு விஷயமும் இருக்கிறது. அதைச் செயற்குழு நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் நிரப்புவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். இந்தப் பதிவைச் செய்துகொள்ளும்படி உறுப்பினர்களை ஊக்குவித்தது நமது சங்கம்தான். உங்கள் பேச்சை நம்பிப் பலர் பணம் கட்டினார்கள். காஞ்சிபுரத்து ஆசிரியரும் கட்டினார். இப்போது கண்காட்சியிலும் ராலியிலும் இடமில்லை என்றால் அந்த வண்டி எங்கே போகும்? ஷெட்டில் நிற்கும். நின்ற வண்டிக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரேக்கின் வீல் சிலிண்டர் இறுகும், ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும், டாங்கின் அடியில் துரு சேரும். பங்கேற்பு என்று நீங்கள் எழுதும் அந்தச் சொல் எங்கள் வண்டிகளுக்கு உயிர்மூச்சு.

ஐம்பது ஆண்டு நிரம்பாதவர்கள் நிலை வேறு வகை. என்னுடையது 1980-களின் பிரீமியர் பத்மினி. விண்டேஜ் பதிவு எனக்கு இல்லை. பதினைந்து ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் அது 10,000 ஆகிவிட்டது. உழைத்த காசில் ஒரு பழைய காரைக் காப்பாற்றி வைத்திருப்பவனும் புகை கக்கும் வண்டியைப் பராமரிப்பில்லாமல் ஓட்டுகிறவனும் அரசின் கணக்கில் ஒன்றுதான். பெட்ரோல் பங்குகளிலோ இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. நம் காலத்து பம்பின் டயாப்ரம் என்ற சவ்வும் ரப்பர் குழாய்களும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கில் அந்த ஈரம் என்ன செய்யும்? இதைப் பற்றி அரசிடம் பேச ஓர் அமைப்பு வேண்டாமா? எந்தக் குழாயை மாற்றுவது, எங்கே கிடைக்கிறது என்று உறுப்பினருக்குச் சொல்ல ஒருவர் வேண்டாமா? சங்கத்தின் பெயரில் இதுவரை ஒரு மனு போனதாக எனக்குத் தெரியவில்லை. ஓட்டல்காரர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் போன கடிதங்களில் பத்தில் ஒரு பங்காவது போக்குவரத்துத் துறைக்குப் போயிருக்கலாம்.

மன்னியுங்கள். அரசின் மேல் உள்ள ஆதங்கத்தையெல்லாம் உங்கள் தலையில் இறக்குவது முறையில்லை. கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன். சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்.

திரும்பப் பெறுவதோடு, முதல் ஞாயிறு கூட்டத்தை மீண்டும் தொடங்குங்கள். ஓட்டல் வேண்டாம், பந்தல் வேண்டாம், தலைமை விருந்தினர் வேண்டாம். ஒரு மைதானமும் வாசலில் ஒரு நோட்டும் போதும். வருகிற வண்டியை எல்லாம் எழுதுங்கள். அம்பாசடரும் வரட்டும், பத்மினியும் வரட்டும். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இன்று அதைப் பத்திரமாக வைத்திருப்பவர்தான் நாளை இந்தச் சங்கத்தைத் தாங்கப் போகிறவர். ஹெரால்டின் முன்கண்ணாடி ரப்பர் பீடிங்கைத் தேடிப் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைகிறோம். கிடைப்பது காய்ந்து போனது, இல்லையென்றால் வேறு வண்டியுடையதை வெட்டியது. தனி ஒருவருக்காக டை என்ற அச்சைச் செய்து ரப்பர் இழுத்துத் தர எந்தப் பட்டறையும் சம்மதிப்பதில்லை. இருபது பேர் சேர்ந்து கேட்டால் செய்வார்கள். அந்த இருபது பேரை ஒரே இடத்தில் பார்க்க எங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு வழியில்லை. ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர்கள் சிலர் அந்தக் கூட்டத்துக்கு வந்து உட்காருவார்கள். கையேட்டில் இல்லாத அளவுகளை விரலால் தொட்டுச் சொல்வார்கள். கூட்டம் நின்றதும் அவர்களும் நின்றுவிட்டார்கள். அவர்களைத் தேடிப் போய் அழைக்க வேண்டும், அவர்கள் இருக்கும்போதே.

பெரிய கார்கள் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. 1930-களின் வண்டி ஒன்று சொந்தக் காலில் ஓடி வந்து நின்றால் எல்லோரையும் போல நானும் வாய் பிளந்து பார்ப்பேன். அதைக் காப்பாற்றச் செலவிடுகிறவர்களை மதிக்கிறேன். அவர்களுக்குக் கண்காட்சி நடத்துங்கள், சிறப்பாக நடத்துங்கள். ஆனால் அந்தக் கண்காட்சிக்கு அழைக்கப்படாததை வைத்து எங்கள் பங்கேற்பை அளக்காதீர்கள்.

இன்னொன்று. வாக்குரிமையைப் பறிக்கும் முடிவைச் செயற்குழு தானாக எடுக்க முடியுமா? நமது சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவானது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கை உறுப்பினர்கள் முன்னால் வைக்க வேண்டியது கடமை. அந்தக் கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது என்று பொருளாளர் சொல்லட்டும். சந்தா கட்டச் சொல்லித் தவறாமல் நினைவூட்டல் வருகிறது. பொதுக்குழுவுக்கு அழைப்பு மட்டும் வருவதில்லை. உறுப்பினர் வருவதில்லை என்று சொல்பவர்கள், உறுப்பினரைக் கூப்பிட வேண்டிய கூட்டத்தைக் கூட்டாமல் இருப்பது பொருந்துமா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் சிலர் இந்தச் சங்கத்துக்காகச் சொந்தக் காசையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுத்தவர்கள். அதை நான் மறக்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன். சந்தா புதுப்பிக்கும் கெடுவுக்கு முன்பாகச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, எழுத்தில் தெரிவியுங்கள். காஞ்சிபுரத்து ஆசிரியரின் பெயரை அன்றைய வருகைப் பதிவேட்டில் சேர்த்து, தலைவரே அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பொதுக்குழுவுக்கு ஒரு தேதியும் இடமும் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்தாலும் வருகிறோம், எங்கள் வண்டிகளிலேயே வருகிறோம்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சங்கத்தின் உறுப்பினன்