பிரேக் ஆயிலை முதலில் மாற்று, அம்மிணி

சிங்காநல்லூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மா போனில் விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை இளைத்துவிட்டாள் என்கிறாள். நான் பார்த்தது உன் மாஸ்டா மியாட்டா காரின் முன் சக்கரத்தை. ஸ்போக்குகளுக்கு நடுவே பிரேக் டிஸ்கின் மேல் சூட்டில் லேசாக நீலம் பாய்ந்திருக்கிறது. கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைப்பாதையில், க்ளென் கோவ் என்ற இடத்துப் பிரேக் சோதனைச் சாவடியில் காத்திருந்தபோது எடுத்த படம் என்று எழுதியிருக்கிறாய். பெரிய பிரேக் கிட் வாங்கி மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறாய்.

பைக்ஸ் பீக்கில் இறங்கும் வண்டிகளைப் பாதி வழியில் நிறுத்தி, பிரேக் சூட்டை அளந்து பார்த்துத்தான் மேற்கொண்டு இறங்க விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். வால்பாறை, கொல்லிமலைப் பாதைகளிலும் அப்படி ஒருவர் நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ரேஞ்சர் உன்னை ஓரங்கட்டி ஆறவிட்டதற்கு வெட்கப்படாதே. எனக்கு உறுத்துவது உன் கடிதத்தில் வேறு ஒரு இடம். சாவடிக்கு முந்தின இரண்டு வளைவுகளில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, மறுநாள் காலையில் பார்த்தால் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, அந்த "சரியாகிவிட்டது" என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், 1998. ஊட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அம்மாவும் நானும் அம்பாசடரில் குன்னூர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். நாலு சக்கரமும் டிரம் பிரேக். பட்டறைக்கு வரும் வண்டிகளுக்கெல்லாம் ஆயில் மாற்றிக்கொடுத்த நான், சொந்த வண்டிக்கு மூன்று வருஷமாக மாற்றவில்லை. பர்லியாருக்குக் கொஞ்சம் மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன், மறுபடியும் தரை. இரண்டாவது கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. பலாப்பழ வாசனையும் எரிந்த லைனர் வாசனையும் சேர்ந்து வந்தது இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் ஒன்றுமே நடக்காத மாதிரி கெட்டியாக நிற்கிறது!

அன்று நடந்ததுதான் உனக்கும் நடந்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகவே ஈரம் உள்ளே போகும். ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் சூடு இறங்கிக்கொண்டே வரும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஈரமேறியதற்கு விதி கேட்பது வெறும் 140. டாட் 4க்கு அது 230, 155. டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். உன் காலின் பலமெல்லாம் குமிழியை அமுக்குவதில் போய்விடும், டிஸ்கில் உராயும் பேடுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், பெடலும் வந்துவிடும். ஈரம் மட்டும் உள்ளேயே இருக்கும், அடுத்த மலைக்காகக் காத்துக்கொண்டு.

பேட் சூடேறிப் பிடி விட்டிருந்தால் பெடல் கெட்டியாகவே நின்றிருக்கும், எவ்வளவு அமுக்கினாலும் வண்டி மட்டும் நிற்காது. அது வேறு வியாதி, வேறு மருந்து. மேலே உச்சியில் பெடல் கனமாக இருந்தது என்றும் எழுதியிருந்தாய். அதற்குப் பயப்படாதே. பிரேக் பூஸ்டர் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் உன் காலுக்கு உதவுகிறது. 4,300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். அங்கே உதவி குறையும், கால் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது நீ கேட்ட கிட்டுக்கு வருகிறேன். நாலு பிஸ்டன் காலிப்பர், பெரிய டிஸ்க், சிவப்புப் பெயிண்ட், 1,100 டாலர். நீ ஒதுக்கி வைத்திருப்பது 400. மீதியைக் கடன் அட்டையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறாய். வேண்டாம் சாமி. பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

வண்டியை நிறுத்துவது கடைசியில் டயர். ஆள் இல்லாத ஒரு பெரிய பார்க்கிங் இடத்தில் மணிக்கு 30 மைலில் போய், ஒரே மிதியாக மிதித்துப் பார். சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் உன் வண்டியில் இல்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு கிறீச்சிட்டால், டயரால் தாங்கக்கூடிய அளவுக்கு மேலேயே உன் பிரேக்கால் பிடிக்க முடிகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய காலிப்பர் மாட்டினாலும் ஒரு அடிகூட முன்னால் நிற்காது. முன்னால் மட்டும் பெரிதாக்கினால் முன் சக்கரம் சீக்கிரம் பூட்டும், பின் சக்கரம் பாதி வேலையோடு நின்றுவிடும், நிற்கும் தூரம் கூடினாலும் கூடும். கம்பெனிக்காரன் முன்னுக்கும் பின்னுக்கும் இவ்வளவு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

பெரிய டிஸ்க்கால் வரும் லாபம் சூட்டைத் தாங்குவதில். அதையும் கணக்காகவே பார்த்துவிடலாம். உன்னையும் சேர்த்து வண்டி 1,100 கிலோ என்று வை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் பிரேக்குக்குள் போகும் சூடு, ஒன்றேகால் லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். வீட்டில் எல்லோருக்கும் டீ போடலாம். பைக்ஸ் பீக் உச்சியிலிருந்து க்ளென் கோவ் வரை சுமார் 800 மீட்டர் இறக்கம். அதை முழுக்க பிரேக்கிலேயே இறங்கினால், அப்படி இருபது தடவை நிறுத்தியதற்குச் சமம், நடுவில் ஆற நேரம் கொடுக்காமல். அதில் பெரும்பங்கை இரண்டாவது கியரில் இன்ஜினே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், காசில்லாமல். நீ மூன்றாவதிலும் நாலாவதிலும் இறங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன். அடுத்த முறை இன்ஜின் கத்தினாலும் பரவாயில்லை, இரண்டிலேயே வா. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வராதே. அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுக்க எடுத்துவிடு, காற்றுப் படட்டும்.

சரி, 400 டாலரை எப்படிச் செலவு செய்வது?

முதலில் ஆயில். நல்ல டாட் 4, மூடி திறக்காத புது டப்பா, ஒரு லிட்டர். 5.1 கிடைத்தாலும் சரி, அது 260 வரை தாங்கும். டாட் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் தொடாதே. அது சிலிக்கான், மற்றதோடு கலக்காது. பந்தய ஆயில் 300க்கு மேல் தாங்கும் என்பார்கள். தாங்கும்தான், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். உனக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் மாற்றும் சாதாரண டாட் 4 போதும். மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வை.

அப்புறம் பேட். பேடின் ஓரத்தில் நீளமாக ஒரு எண் அச்சடித்திருக்கும். அதில் ஜோடியாக இரண்டு எழுத்து இருக்கும்: எஃப்எஃப், ஜிஎஃப் என்று. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பது, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பின் எவ்வளவு என்பது. எஃப் என்றால் உராய்வு 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, ஈ அதற்கும் கீழே. சோதனைச்சாலையில் ஒரு சின்னத் துண்டை வைத்துப் பார்ப்பதுதான், அது மட்டுமே ஜாதகம் ஆகாது. ஆனாலும் இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிட இறங்கியிருக்கும் பேடை, ஈ என்று முடியும் பேடை, மலைக்கு வாங்காதே. பந்தயப் பேடும் வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும். ஜனவரியில் பனிக்குளிரில் வேலைக்குக் கிளம்பி முதல் சிக்னலில் நீ மிதிக்கும்போது அது பச்சைத் தண்ணீராக இருக்கும். சாலைக்கென்று செய்த நல்ல பேட், நாலு சக்கரத்துக்கும் ஒரே வகையாக.

மாட்டியதும் பழக்க வேண்டும். பெட்டியில் இருக்கும் தாளில் சொல்லியபடி செய். பொதுவாக 40, 45 மைல் வேகத்திலிருந்து பத்து மைல் வரை எட்டு பத்துத் தடவை நன்றாக அமுக்கிக் குறைக்க வேண்டும், முழுக்க நிறுத்தக் கூடாது. பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடு. சூடாக இருக்கும்போது பெடலை அமுக்கியபடி நின்றால், பேட் இருந்த இடத்தில் அதன் பொருள் டிஸ்கில் அப்பிக்கொள்ளும். பிறகு ஸ்டியரிங் ஆடும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை.

உன் டிஸ்க் தடிமனை அளந்து பார். டிஸ்கிலேயே குறைந்தபட்ச அளவைப் பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் சாதா டிஸ்க் வாங்கு. ஓட்டை போட்டது அழகாக இருக்கும், ஆனால் சூட்டில் ஓட்டையைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். என்றைக்காவது பெரிதாக்கியே ஆக வேண்டும் என்று தோன்றினால், 2001க்குப் பிறகு வந்த சில மியாட்டாக்களில் முன்னால் 270, பின்னால் 276 மில்லிமீட்டர் டிஸ்க் உண்டு. உன்னுடையது முன்னால் 255. அடிபட்டுக் கழித்த வண்டியிலிருந்து முன்னும் பின்னும் சேர்த்து எடுத்து மாட்டலாம். உன் 15 அங்குல சக்கரத்துக்குள் அது உட்காரும். இப்போது தேவையில்லை.

ஹோஸ் நாலும் வண்டியோடு வந்தவை என்றால் மாற்றிவிடு. அது உன் வயசு ரப்பர், அம்மிணி. பொடி வெடிப்பு தெரிகிறதா என்று மடக்கிப் பார். ஸ்டீல் பின்னல் போட்டது வாங்கலாம், பெடல் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், நிற்கும் தூரம் குறையாது. சாலைக்கு அனுமதி பெற்றது என்று எழுதியிருக்க வேண்டும்.

டயர் பக்கச் சுவரில் நாலு இலக்கம் பார். 2317 என்று இருந்தால் 2017இல் இருபத்து மூன்றாவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் காய்ந்திருக்கும். பழசாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, ஆயிலுக்குப் போக மீதிப் பணத்தை டயரில் போடு. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேலை செய்யும்போது ஒரு இடத்தில் கவனம். பின் காலிப்பர் பிஸ்டனை கிளாம்ப் வைத்து அழுத்தாதே, உடைந்துவிடும். ஹேண்ட் பிரேக்கின் வேலையும் அதற்குள்தான் நடக்கிறது. காலிப்பரின் பின்னால் ஒரு சின்ன போல்ட் மூடியாக இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ போகும். அதைத் திருப்பித்தான் பிஸ்டனை உள்ளே வாங்க வேண்டும். பேட் மாட்டியதும் பிடிக்கும் வரை திருப்பி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்து. காலிப்பர் நகரும் ஊசிகளைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று விற்கும் கிரீஸைத் தடவு. அந்த ஊசி இறுகிப்போய் ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்த வண்டி நம் பட்டறைக்கு எத்தனை வந்திருக்கும்!

பழைய ஆயிலைத் தள்ளி ஏர் எடுக்கும்போது, பெடல் அமுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பி. உனக்கு அது வலது பின் சக்கரம். காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கு. மேலே டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இரு, ஒருமுறை காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பெடல் மிதிக்க ஒரு ஆள் வேண்டும். உனக்கு ஏழு வயசில் கால் எட்டாமல் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எனக்கு மிதித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வண்டிக்கு அடியிலிருந்து நான் "மிதி" என்றால் "மிதிச்சாச்சு" என்பாய், "பிடி" என்றால் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாய். உன் கூட இருக்கும் பெண்ணைக் கேட்டுப் பார். அவளுக்கும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக் கொடு.

அடுத்த ஞாயிறு உனக்குக் காலை ஏழு மணிக்கு போனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வை. எனக்கு அப்போது மாலை ஆறரை, கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் வெளியே வரும் பழைய ஆயிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டு, அதன் நிறத்தை நான் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் மலைப்பக்கம் வண்டியை எடுக்காதே.

அன்புடன்,
அப்பா