முன்பு ஒரு கணக்கு, பின்பு ஒரு கணக்கு: நடை அளக்கும் கருவி பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம்.

என் அப்பாவுக்கு மூளையில் நீர் தேங்கும் நோய். நார்மல் பிரஷர் ஹைட்ரோகெபாலஸ் என்பார்கள். பாதத்தைத் தரையோடு பசை போட்டு ஒட்டியதுபோல, தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார். திரும்புவது பெரும்பாடு, ஒருமுறை முழுசாகத் திரும்ப ஒன்பது அடி வைத்ததை நானே எண்ணியிருக்கிறேன். தேங்கும் நீரை வடிக்கும் ஷன்ட் குழாயை ஆபரேஷனில் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் நடையை ஒப்பிடத்தான் இடுப்பில் கட்டும் உங்கள் கருவியை வாங்கினோம்.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் தினமும் அளந்தோம். நீரை வடித்தால் நடை தேறுகிறதா என்று முதுகிலிருந்து 30 மில்லி நீர் எடுத்துப் பார்த்த அன்று, எடுக்கும் முன் ஒரு தடவை, எடுத்த பின் ஒரு தடவை அளந்தோம்.

ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம் உங்கள் ஆப் சிவப்பு அம்புக்குறி போட்டு, ‘நடை மோசமாகியுள்ளது’ என்றது. அப்பா அதைப் பார்த்துவிட்டார். “அப்போ ஆபரேஷன் வீணா?” என்று கேட்டவர், அன்று நடைப்பயிற்சிக்கு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார முன்பு அவருக்கு 38 விநாடி ஆனது. இப்போது 21. பிசியோதெரபிஸ்ட் ஸ்டாப்வாட்சில் பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்த கணக்கு இது.

மூன்று தடவை போன் செய்த பிறகுதான் உங்கள் ஊழியர் விஷயத்தைச் சொன்னார். இடையில் ஆப் தானாகவே அப்டேட் ஆகிவிட்டதாம். மெதுவாகத் தேய்த்து வைக்கும் அடிகளைப் புதிய பதிப்பு நடையாகவே எடுத்துக்கொள்வதில்லையாம். அப்பா இன்னும் கொஞ்சம் தேய்த்துத்தான் நடக்கிறார். இந்த நோயாளிகளின் நடையே அதுதானே! அதை எண்ணாத கருவி அவர்களுக்கு எதற்கு?

இது சின்ன விஷயம் இல்லை. ஷன்ட் வால்வை எவ்வளவு திறந்து வைப்பது என்று முடிவு செய்ய டாக்டர் நடையையும் பார்க்கிறார். நீர் அதிகமாக வடிந்தால் தலைவலி வரும், மண்டைக்குள் ரத்தம் கட்டவும் வாய்ப்புண்டு. அந்தக் காகிதம் மட்டும் இல்லையென்றால் உங்கள் அறிக்கையைத்தான் அவரிடம் நீட்டியிருப்பேன்.

இரண்டு கட்டப் பதிவுகளையும் ஒரே பதிப்பில் மறுபடி கணக்கிட்டு, மூலப் பதிவுகளோடு அனுப்புங்கள். கேட்காமல் அப்டேட் செய்வதை நிறுத்துங்கள். அப்புறம், எந்த மாதிரி நடையை இந்தக் கருவி எண்ணாது என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள்.

பழைய பதிவுகள் 90 நாளில் அழிந்துவிடும் என்று ஆப்பில் போட்டிருக்கிறது. இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தைய நடையை இனி யாராலும் திரும்ப அளக்க முடியாது. தயவுசெய்து அதற்குள் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்